தோரங் லா தாண்டி முக்திநாத்: நான் நடந்து, அம்மா விமானத்தில். இந்தத் திட்டம் சரிவருமா?

வரது, ஸ்ரீரங்கம்

வணக்கம். உயரமான மலைகளில் நடந்து பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. வடநாட்டுத் திவ்யதேசங்களில் அவருக்கு மிச்சம் இருப்பது திருச்சாளக்கிராமம் ஒன்றுதான், அதாவது நேபாளத்து முக்திநாத். இந்த அக்டோபரில் ஒரு யாத்திரைக் குழுவோடு கிளம்புகிறார். போக்ராவிலிருந்து ஜோம்சோம் வரை சின்ன விமானம், அங்கிருந்து ஜீப். 21ஆம் தேதி காலை கோயிலில் சேவை, 22 காலை விமானத்தில் திரும்ப போக்ரா. பணம் கட்டியாகிவிட்டது, அவர்கள் தேதி மாறாது.

எனக்கு 37. வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறேன், பர்வதமலையும் போயிருக்கிறேன். அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தோரங் லா என்ற 5416 மீட்டர் கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினால் வருவது முக்திநாத் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அம்மா அந்தப் பக்கம் விமானத்தில் வந்து நிற்க, நான் இந்தப் பக்கம் மலையைத் தாண்டி வந்து சேர்ந்து சேவிக்க வேண்டும். வழி நெடுக விடுதிகள் இருப்பதால் கூடாரம், அடுப்பு எதையும் சுமக்க வேண்டாம் என்கிறார்கள்.

என் கணக்கு இது. 10 கிளம்பி 11 காத்மாண்டு. 12, 13 அங்கே பசுபதிநாத், பக்தபூர். 14, 15 போக்ராவில் படகு, சாரங்கோட் சூரியோதயம். 16 பெசிசஹார். 17 ஜீப்பில் நேராக மனாங். 18 யாக் கர்கா வரை நடை. 19 தோரங் பேடி. 20 விடியலில் கணவாய், மாலைக்குள் முக்திநாத். 21 காலை அம்மாவோடு கோயில்.

நடை நாட்கள் குறைவுதான் என்று தெரியும். ஆனால் ஓடுபாதையில் தினமும் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். இந்த வேகத்தில் முடியுமா? உயர நோய்க்கு முன்தடுப்பாக டயமாக்ஸ் மாத்திரை போட வேண்டுமா? இன்னொன்று, வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. விடுதிகளில் சமாளிக்க முடியுமா?

---

பைபாஸ் பாலா, மதுரை

தாராளமா போகலாம் நண்பா. நாங்க நாலு பேர் ஜீப்பிலேயே மனாங் போய் அடுத்தடுத்த நாள் ஏறி மூணாம் நாள் கணவாய்ல போட்டோ எடுத்துட்டு இறங்கிட்டோம். லேசா தலைவலி, ஒருத்தன் மட்டும் வாந்தி. பூண்டு சூப் குடிச்சா சரியாயிடும்னு விடுதிக்காரர் சொன்னார், சரியாயிடுச்சு. ஓடுற பழக்கம் இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. சும்மா பயமுறுத்துறவங்க பேச்சைக் கேட்காதீங்க.

---

மருந்துக்கடை தேனு, கோவை

பயமுறுத்துகிறவள் வந்துவிட்டேன். பாலா, உங்கள் நண்பர் வாந்தி எடுத்தது எந்த ஊரில், அதற்குப் பிறகும் மேலே ஏறினாரா என்று எழுதுங்கள். தலைவலியோடு வாந்தி சேர்ந்தால் அது உயர நோய். அந்த நிலையில் மேலே போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. பூண்டு சூப் சுவையாக இருக்கும், குளிருக்கு இதம், நானும் குடிப்பேன். மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வரது தம்பி, உங்கள் காலைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறி இறங்கும் முழங்கால் தோரங் லாவுக்குப் போதும். ஆனால் வெள்ளியங்கிரி உச்சி 2000 மீட்டரைக்கூடத் தொடாது. உயர நோய் யாரை எப்போது பிடிக்கும் என்பதற்கும் ஒருவர் எவ்வளவு ஓடுவார் என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. சொல்லப்போனால் நன்றாக ஓடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் கால் அவர்களை வேகமாக மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

நடப்பது இதுதான். கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. உடல் அதற்கு வேகமாக மூச்சு வாங்கிப் பார்க்கும். அப்படி வாங்கினால் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். உடனே மூளை மூச்சைக் குறைக்கச் சொல்லும். சிறுநீரகம் அந்தக் காரத்தைக் கழித்து வெளியேற்றச் சில நாட்கள் எடுக்கும். இந்தச் சில நாட்களைத்தான் நீங்கள் போக்ரா படகுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

3000 மீட்டருக்கு மேல் போனபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் படுக்கும் உயரத்தில் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பரவாயில்லை, எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. உங்கள் திட்டத்தில் 16 இரவு 800 மீட்டர், 17 இரவு 3500 மீட்டர். ஒரே பகலில் 2700 மீட்டர் தாண்டுகிறீர்கள். அப்புறம் ஓய்வே இல்லாமல் 4000, 4500, மறுநாள் 5416.

ஆகவே காத்மாண்டு, போக்ரா சுற்றலை வெட்டிவிடுங்கள். பசுபதிநாத் திரும்பி வரும்போதும் அங்கேதான் இருப்பார். 11 அனுமதிச் சீட்டு வேலை. 12 காலையில் பஸ்ஸில் பெசிசஹார், நேரம் இருந்தால் ஜீப்பில் தாராபானி, சுமார் 1900 மீட்டர். இருட்டிவிட்டால் பெசிசஹாரில் படுத்து மறுநாள் ஜீப் ஏறுங்கள், அந்தச் சாலையில் இரவில் போகாதீர்கள். 13 சாமே, சுமார் 2700. 14 மேல் பிசாங், 3300. 15 கியாரு வழியாக ஙாவல், 3650 பக்கம். 16 மனாங். 17 மனாங்கிலேயே. 18 யாக் கர்கா. 19 தோரங் பேடி. 20 கணவாய்.

சாமேயிலிருந்து மேல் பிசாங் போகும் வழியில் வலதுபக்கம் ஒரே பாறை, கிண்ணத்தை அறுத்து நிறுத்தியது போல வளைந்து வானம் வரை போகும். ஸ்வர்கத்வாரி என்கிறார்கள். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் யாரும் போவதில்லை. மேல் பிசாங்கிலிருந்து ஜீப் சாலை பள்ளத்தாக்கின் அடியில் போகிறது, அதில் நடந்தால் சீக்கிரம் மனாங் வந்துவிடும். தயவுசெய்து அந்தச் சாலையில் போகாதீர்கள். கியாருவுக்கு ஏறும் வளைவுகள் மூச்சை எடுத்துவிடும், ஆனால் மேலே போனதும் அன்னபூர்ணா இரண்டு, அன்னபூர்ணா நான்கு, கங்காபூர்ணா எல்லாம் எதிரே வரிசையில் நிற்கும். புழுதியும் இல்லை. அதைவிட முக்கியம், 3650 பக்கம் ஓர் இரவு படுத்துவிட்டு மனாங்குக்குக் கொஞ்சம் இறங்கி வருவதால் உடம்பு அங்கே சுகமாக இருக்கும்.

மனாங்கில் ஓய்வு நாள் என்றால் கம்பளிக்குள் கிடப்பது இல்லை. காலையில் ஊருக்கு மேலே இருக்கும் பிராகென் கோம்பா வரை ஏறி இறங்குங்கள். அவசரம் இல்லை, சூரியன் சுள்ளென்று அடிக்கும், மெதுவாகப் போகலாம். மதியத்துக்கு மேல் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சின்ன மருத்துவ நிலையத்தில் உயர நோய் பற்றிப் பேச்சு நடக்கும், சீசனில் வெளிநாட்டு மருத்துவர்களும் இருப்பார்கள். கட்டாயம் உட்காருங்கள். தொழில் ரீதியாக எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் நான் உட்கார்ந்தேன். ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்டி நடந்து பார்க்கச் சொல்வதை அங்கே செய்து காட்டினார்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரல். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. நடு இரவாக இருந்தாலும் இறங்க வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று தூங்கப்போகக் கூடாது.

டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு. நான் மேலே சொன்ன காரத்தைச் சிறுநீரகம் வேகமாகக் கழிக்க இது உதவும். அதனால் பழகும் வேலை சீக்கிரம் நடக்கிறது. அறிகுறியை மூடி மறைக்கும் மாத்திரை இல்லை இது. முன்தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலை, மாலை. நம் ஊரில் 250தான் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் தொடாதீர்கள். விரல் நுனி எல்லாம் எறும்பு ஊரும், இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும், சோடா சப்பென்று இருக்கும். இவையெல்லாம் சாதாரணம். ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். மருத்துவரின் சீட்டோடு வாங்குங்கள், சீட்டு இல்லாமல் வந்தால் என் கடையில் தரமாட்டேன். மெதுவாக ஏறுகிற நாட்கள் கிடைத்தால் உங்களுக்கு இது தேவைப்படாமலே போகலாம். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். உயரத்தைவிட எனக்கு உங்கள் திட்டத்தில் பயமாக இருப்பது 21ஆம் தேதி.

2014 அக்டோபர் 12 ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் வடக்கே போய் 14ஆம் தேதி அன்னபூர்ணா, தவளகிரி பக்கம் பனியாகக் கொட்டியது. தோரங் லாவில் அன்று காலையில் ஏறியவர்கள் பலர் முக்திநாத் பக்கம் இறங்கும்போதுதான் வழி தெரியாமல் மாட்டினார்கள். அந்தப் புயலில் மலையில் இறந்தவர்கள் 43 பேர், வெளிநாட்டினரும் நேபாள வழிகாட்டிகளும் சுமைகாரர்களும் கிராமத்தாரும். சீசனின் நட்டநடுவில், வருடத்தின் நல்ல மாதத்தில். அக்டோபரில் வங்கக் கடலில் புயல் சின்னம் வருவது நமக்குப் புதிதில்லையே. மனாங்கில் இருக்கும்போது ஆந்திரா, ஒடிசா பக்கம் ஏதாவது சுழல்கிறதா என்று பாருங்கள். அது இரண்டு மூன்று நாளில் உங்கள் தலைமேல் பனியாக வரலாம்.

அப்படி வந்தால் தோரங் பேடியிலோ மனாங்கிலோ சும்மா உட்கார வேண்டும். உட்கார முடியுமா உங்களால்? அந்தப் பக்கம் 21 காலையில் அம்மா கோயில் வாசலில் காத்திருக்கிறார் என்ற நினைப்போடு? அந்த நினைப்புதான் ஆளை மோசமான வானத்தில் மேலே தள்ளும். நான் போட்டுக் கொடுத்த கணக்கிலும் ஒரு நாள்கூட மிச்சம் இல்லை, கவனித்தீர்களா. எனவே கிளம்பும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: 21 காலை நான் இருந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் நீங்கள் சேவித்துவிட்டு இறங்குங்கள், போக்ராவில் பார்க்கலாம். இதற்கு அவர் மனதார ஒப்புக்கொண்டால்தான் கிளம்புங்கள்.

விடுதிகள் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அறை வாடகை சொற்பம், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். வேறு கடையில் சாப்பிட்டால் முகம் மாறும், நியாயம்தான். இரண்டு கட்டில், மெல்லிய பலகைச் சுவர், பக்கத்து அறையில் இருமுவது உங்கள் காதில் கேட்கும். சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் அடுப்பு, மாலையில் எல்லோரும் அதைச் சுற்றித்தான். வெந்நீர், போன் சார்ஜ், வைஃபை எல்லாம் தனிக்காசு, உயரம் கூடக் கூட விலையும் கூடும். தண்ணீரை வழியில் பிடித்துக் குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் கூட்டம், மதியம் இரண்டுக்குள் போய்ச் சேருங்கள். பேடியில் அறை கிடைக்காதவர்கள் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் படுப்பதைப் பார்த்திருக்கிறேன். பெசிசஹார் தாண்டிய பின் ஏடிஎம்மை நம்பாதீர்கள், மொத்தக் காசும் கையில் இருக்கட்டும். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1.60.

வழிகாட்டி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 2023 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டினர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் இந்தப் பாதைகளில் நடக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். தனியாகப் போகிற உங்களுக்கு விதி இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். அறை சொல்லி வைப்பதும் அவர்தான், தள்ளாடினால் இறக்கிக்கொண்டு வருவதும் அவர்தான். சுமைகாரர் வைத்தால் ஏற்றும் எடையிலும், அவருக்குக் குளிர் உடுப்பு இருக்கிறதா என்பதிலும் ஒரு கண் வையுங்கள்.

---

திருக்கச்சி ஆராவமுது

அடியேன் யாத்திரைக் குழுக்களோடு தளிகை, அதாவது சமையல், பண்ணப் போகிறவன். மலை ஏறினது கிடையாது, ஏறவும் மாட்டேன். ஆனால் ஜோம்சோம் பக்கம் எனக்குத் தெரியும். அந்தச் சகோதரி சொன்னதைப் படித்ததும் தோன்றியது: வரதுவின் அம்மாவுடைய அட்டவணையை யாரும் பார்க்கவில்லையே.

போக்ரா 800 சொச்சம் மீட்டர். விமானம் ஏறினால் இருபது நிமிஷம், ஜோம்சோமில் இறங்கும்போது 2700. அங்கிருந்து ஜீப்பில் அன்றைக்கே முக்திநாத் கோயிலடி ஊரான ராணிபௌவா போனால் 3700. ஒரே காலையில் கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர்! நடந்து வருகிற பிள்ளை ஒன்பது நாள் எடுத்துக்கொள்கிறார், 64 வயது அம்மா ஒரு காலைப்பொழுதில் ஏறிவிடுகிறார். எங்கள் குழுக்களில் சேவிக்கும்போது ஒன்றும் தெரியாது. படுத்தால்தான் தலைவலி, உமட்டல் எல்லாம் ஆரம்பிக்கும். இரண்டு மூன்று பேருக்காவது வந்துவிடும்.

ஆகையால் குழுக்காரரிடம் கேளுங்கள், எந்த இரவு எங்கே படுக்கை என்று. ஜோம்சோமில் முதல் இரவு, மறுநாள் முக்திநாத் சேவித்து மறுபடி ஜோம்சோம் வந்து படுக்கை என்றால் நல்லது. வந்த அன்றே மேலே போய் ராணிபௌவாவில் படுக்கை என்றால், வேண்டாம் என்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள். வயதானவர்கள் நாலு பேர் சேர்ந்து கேட்டால் மாற்றுவார்கள். பணம் கட்டியது தேதிக்குத்தானே, படுக்கைக்கு இல்லை.

விமானத்தை நம்பி இருக்காதீர்கள். காளி கண்டகி பள்ளத்தாக்கில் காலை பத்து பதினொன்று மணிக்கு மேல் பேய்க் காற்று. அதனால் விமானம் விடியலில் மட்டும்தான், மேகம் வந்தால் அதுவும் இல்லை. எத்தனையோ தடவை ஜீப்பில் பேனி வழியாகத் திரும்பியிருக்கிறோம், முழுப் பகல் ஆகும், இடுப்பு பேசும். 22 காலை என்று அட்டவணையில் இருப்பது 23 ஆகலாம். இதைப் பார்த்தால் வரதுவுக்கு ஒரு நாள் மிச்சம் கிடைத்தாலும் கிடைக்கும், ஆனால் அதைக் கணக்கில் வைத்து மலை ஏற வேண்டாம்.

கோயிலில், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நடை, படிகளும் உண்டு. குதிரை, பைக் கிடைக்கும், கூச்சப்படாமல் ஏறச் சொல்லுங்கள். பெருமாளுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 மாட்டு முகத் தாரைகள், எதிரே இரண்டு குண்டங்கள். எல்லாம் பனி உருகின தீர்த்தம். எங்கள் மாமிகளுக்கு 108லும் நனைந்து குண்டத்திலும் முழுகியே தீர வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு தாரையிலும் கையை நீட்டித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், புண்ணியம் குறையாது. நனைந்தவர்கள் உடனே மாற்றிக்கொள்ளத் துணியும், காதை மூடக் கம்பளியும் கையோடு வேண்டும். ஈரப் புடவையோடு அந்தக் காற்றில் நின்றால் பல் கிட்டிப்போகும்.

பூஜைக்குத் துணையாக அங்கே பௌத்த சன்னியாசினிகள் இருப்பார்கள். திபெத்தியர்களுக்கும் அது புண்ணிய இடம். அதைப் பார்த்து அம்மா முகம் சுளிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள், சிலர் கேள்வி கேட்டு அந்தப் பெண்களைச் சங்கடப்படுத்துகிறார்கள். அடியேனுக்கு வருத்தமாக இருக்கும்.

அடையாள அட்டை விஷயம். ஆதார் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 65 தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும்தான் அது செல்லும். உங்கள் அம்மாவுக்கு 64 என்கிறீர், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்.

தளிகைக்கு: அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. விடுதிகளிலும் குக்கர் உண்டு. "லசுன் ப்யாஜ் நஹால்னுஸ்" என்று சொன்னால் பூண்டு வெங்காயம் போடமாட்டார்கள். ஆனால் அதே அடுப்பு, அதே கரண்டி, மாமிசமும் அங்கேதான். அது ஆகாது என்றால் நடையே ஆகாது.

---

வரது, ஸ்ரீரங்கம்

அக்காவுக்கும் ஸ்வாமிக்கும் நன்றி. குழுக்காரரிடம் பேசினேன். வந்த அன்றே ராணிபௌவாவில் படுக்கை என்றுதான் இருந்தது. அம்மாவோடு வரும் இன்னும் சிலர் சேர்ந்து கேட்டபின் 20 ஜோம்சோமில் படுக்கை, 21 சேவித்து மறுபடி ஜோம்சோம் என்று மாற்றிவிட்டார்கள்.

அம்மாவிடம் தேதி விஷயம் சொன்னேன். முதலில் பேசவே இல்லை. அப்புறம், "நான் பெருமாளைப் பார்க்கப் போகிறேன், உன்னைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறேன்" என்றார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

போக்ரா, பக்தபூர் வெட்டியாயிற்று. அடுப்பு, கரண்டி விஷயத்தில் நான் அவ்வளவு கெடுபிடி இல்லை, போடாமல் தந்தால் போதும். இரண்டு சந்தேகம். கணவாய்க்கு முந்தைய இரவு பேடியிலா, அதற்கு மேலே ஹை கேம்ப் என்று ஒன்று இருக்கிறதாமே, அங்கேயா? அம்மா ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், அவருக்கு டயமாக்ஸ் கொடுக்கலாமா?

---

பைபாஸ் பாலா, மதுரை

தேனு அக்கா, வாந்தி எடுத்தது பேடியில. அடுத்த நாள் ஏறத்தான் செஞ்சான். இப்ப படிச்சப்ப கொஞ்சம் வயித்தைக் கலக்குது. ஹை கேம்ப்ல தங்குங்க வரது, காலைல ஒரு மணி நேரம் மிச்சம்.

---

மருந்துக்கடை தேனு, கோவை

மறுபடியும் பாலாவோடு சண்டைதான். ஹை கேம்ப் சுமார் 4900. யாக் கர்காவில் 4000இல் படுத்துவிட்டு மறு இரவே 4900 என்றால் 500 மீட்டர் கணக்கு எங்கே போயிற்று? பேடியில் படுங்கள். விடியற்காலை நான்கு, நாலரைக்குக் கிளம்பினால் ஹை கேம்பில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். அந்த முதல் ஏற்றம்தான் செங்குத்து, அதற்கு மேலே ஏற்றம் நீளமே தவிரக் கொடுமை இல்லை. இதுதான் கணவாய் என்று நினைக்கும் மேடுகள் நிறைய வரும், நம்பாதீர்கள். கொடிகளும் பெயர்ப் பலகையும் தெரிந்தால்தான் கணவாய். பத்து மணிக்குள் தாண்டிவிட வேண்டும், அப்புறம் காற்று எழும்பும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை அன்று காலை உறைந்துவிடும், பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகுங்கள், மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். போனையும் பேட்டரியையும் ராத்திரி தூக்கப்பைக்குள் வைத்துப் படுங்கள்.

இறக்கம் 1600 மீட்டருக்கு மேல், ஒரே மூச்சில். ஏற்றத்தைவிட அங்கேதான் முழங்கால் போகும். இரண்டு கைத்தடியும், ஷூவில் மாட்டும் முள்சங்கிலியும் காத்மாண்டு தமேலில் வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கும். நீங்கள் பயிற்சிக்கு ஓடுவதை விட்டுவிட்டு மலைக்கோட்டைப் படிகளில் பத்து கிலோ பையோடு இறங்கிப் பழகுங்கள். ஏறுவது அல்ல, இறங்குவது.

அம்மாவுக்கு: அம்லோடிபினோடு டயமாக்ஸ் பெரிதாக மோதாது, ஆனால் சிறுநீர் பிரியும் மாத்திரை ஏதாவது கூடவே கலந்த கூட்டு மாத்திரையா என்று அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அப்படி இருந்தால் உப்புச் சத்து இறங்கலாம். சிறுநீரகப் பரிசோதனை முடிவோடு அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள், நான் இங்கே எழுதுவதை வைத்துக் கொடுக்காதீர்கள். ஜோம்சோமில் ஓர் இரவு படுப்பதே அவருக்குப் பாதி மருந்து.

மலை மீட்புக் காப்பீட்டில் 6000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் உண்டா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். சும்மா தலைவலிக்கே ஹெலிகாப்டர் அழைத்துக் காப்பீட்டில் பணம் கறக்கும் கதை 2018இல் பெரிதாக வெடித்தது. யாராவது அவசரப்படுத்தினால் முதலில் நீங்களே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். நேபாள் டெலிகாம் சிம் காத்மாண்டுவிலேயே வாங்கிவிடுங்கள், அம்மாவுக்கும் ஒன்று. யாக் கர்கா தாண்டினால் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள், மனாங்கிலிருந்தே அம்மாவிடம் பேசிவிடுங்கள். பேடியிலிருந்து போன் வராவிட்டால் பதறக் கூடாது என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

---

திருக்கச்சி ஆராவமுது

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தால்பாத், அதாவது பருப்பும் சோறும், எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள், ஆனால் ஐந்தாம் நாள் நாக்கு செத்துவிடும் என்று நடந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நெய் வேண்டாம், மேலே கல்லாகிவிடும்.